இருபது கேள்விகள், இருபது ஸ்டூல்கள்

1. கணக்குப் பேப்பர்

ஒவ்வொரு வருஷமும் முதலாண்டு சைக்காலஜி வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை எழுந்து அதே கேள்வியைக் கேட்கும். "மேடம், மனசப் பத்தி படிக்கத்தான வந்தோம்? இதுல எதுக்கு மேடம் கணக்கு?" இருபத்தாறு வருஷமாக நானும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் உற்சாகமாகச் சொன்னேன். நடுவில் சில வருஷம் எரிச்சலோடு சொன்னேன். இப்போதெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் எதற்கு? எங்கள் துறையில் ஐந்து பேர். கனவு, குழந்தை வளர்ச்சி, ஆளுமை என்று ருசியான பேப்பர்களை எல்லாம் மற்ற நால்வரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். 'ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும்' மட்டும் என் தலையில் விழும். "நீங்க எடுத்தாதான் மேடம் பசங்களுக்குப் புரியுது" என்பார்கள். ஊரில் இளிச்சவாய் யார் என்று கண்டுபிடிக்கப் புள்ளியியல் தேவையில்லை.

வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். அடுத்து இந்தப் பேப்பர் யார் தலையில் விழப்போகிறதோ தெரியாது. அவருக்காகக் குறிப்பு எழுதி வைக்கச் சொன்னார்கள். பாடக்குறிப்பு எல்லாம் பீரோவில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். அதில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இது நான் செய்த தவறு. வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

2. குலுக்கல்

சுகன்யா என்று எம்.எஸ்ஸி. கடைசி வருஷ மாணவி. அவளுடைய புராஜெக்டுக்கு நான் கைடு. நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களின் களைப்பைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்றாள். நல்ல தலைப்பு. அவளுடைய பெரியம்மா துணிக்கடையில் வேலை பார்த்துக் காலில் நரம்பு சுருண்டவர். அதனால் அந்தப் பெண்ணுக்கு இந்த விஷயத்தில் உண்மையான அக்கறை இருந்தது. வெறும் மார்க்குக்காக வருகிற பிள்ளைகளையே பார்த்துப் பழகிய எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

தட்டாஞ்சாவடியில் ஓர் ஊறுகாய் கம்பெனியில் அனுமதி கிடைத்தது. பேக்கிங் ஹாலில் இரண்டு நீள மேசைகள். நாற்பது பெண்கள் மூடி போட்டு, லேபிள் ஒட்டி, பெட்டியில் அடுக்குவார்கள். காலையில் வந்தது முதல் மாலை மணி அடிக்கும் வரை நின்றுகொண்டேதான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தரையில் உட்காரலாம். மேனேஜர் தியாகராஜன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது.

"ஸ்டூல் போட்டா வேலை நடக்காது மேடம். கதைதான் நடக்கும்."

"நடக்குதா இல்லையான்னு பாத்துடலாமே" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இருபது ஸ்டூல் இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு. ஒரு மேசைக்கு ஸ்டூல் உண்டு, இன்னொரு மேசைக்குக் கிடையாது. முடிவில் நாற்பது பேரும் களைப்பு பற்றிய ஃபார்மை நிரப்புவார்கள். ஸ்டூல் மேசையில் களைப்பு குறைந்திருந்தால் எல்லாருக்கும் ஸ்டூல் வாங்கிப் போடுவார். வித்தியாசம் இல்லையென்றால் இருக்கிற இருபதையும் எடுத்துவிடுவார். இதை அவர் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் சொன்னார். ஆகவே எங்கள் ஃபார்ம் வெறும் ஃபார்ம் இல்லை என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும்.

யார் எந்த மேசை என்பதில் பிரச்சினை வந்தது. "வயசானவங்கள ஸ்டூல் டேபிள்ல போட்டுடலாம்" என்றார் மேனேஜர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப் போட்டால் கடைசியில் வரும் வித்தியாசம் ஸ்டூலால் வந்ததா, வயதால் வந்ததா என்று சொல்ல முடியாது. குலுக்கல்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நாற்பது சீட்டு எழுதி, ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொருவராக எடுக்கச் சொன்னோம்.

ஸ்டூல் கிடைக்காத அஞ்சலை என்பவர் சீட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா மேடம் இது? மூட்டு வலி எனக்கு. நேத்து கல்யாணம் ஆன பொண்ணுக்கு ஸ்டூலா?"

"ரெண்டு மாசம்தாம்மா. முடிவு நல்லா வந்தா எல்லாருக்கும் வந்துடும்."

"வருமா?"

"வரும்" என்றேன். ஆய்வு முடிவதற்கு முன்னால் முடிவைச் சொல்லக் கூடாது என்று அதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் அரை மணி நேரம் பேசியிருந்தேன்.

ஸ்டூல் கிடைத்தவர்களில் மகேஸ்வரி ஒருவர். நெல்லித்தோப்பிலிருந்து வருகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஐந்தாவது வரை படித்து, அதையும் மறந்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஃபார்ம் கொடுத்தபோது அதை என்னிடமே நீட்டினார். "நீயே படிம்மா. எழுத்து பொடிசா இருக்குது." மற்றவர்கள் எல்லாரும் தாங்களாகவே டிக் அடித்துக்கொண்டிருக்க, நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இருபது கேள்விகளையும் வாசித்தேன். ஹாலில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. 'வேலை முடிந்த பிறகும் உடம்பில் தெம்பு இருக்கிறது' என்று ஒரு வாக்கியம். முற்றிலும் சரி என்றால் ஐந்து, முற்றிலும் தவறு என்றால் ஒன்று. மகேஸ்வரி கண்ணை மூடி யோசித்தார்.

"பஸ்ஸு ஏற வரைக்கும் தெம்பு இருக்குது. வூட்டுப் படி ஏற சொல்லோ இல்ல. ரெண்டுக்கும் நடுவுல போடு."

மூன்றில் டிக் அடித்தேன். நாற்பது ஃபார்மில் இவ்வளவு யோசித்துப் பதில் சொன்னவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

3. எல்லாருக்கும் அறுபது

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பாடம்தான்.

இருபது வாக்கியங்களில் பத்து, களைப்பைச் சொல்பவை. 'மாலையில் கால் கடுக்கிறது' என்பது மாதிரி. மற்றப் பத்து, தெம்பைச் சொல்பவை. எல்லாவற்றையும் ஒரே பக்கமாக எழுதினால் ஆட்கள் படிக்காமல் ஒரே வரிசையில் டிக் அடித்துக்கொண்டு போவார்கள். அதற்காகத்தான் இந்தக் கலவை. கூட்டும்போது தெம்பு வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். ஐந்து ஒன்றாகும், நான்கு இரண்டாகும், மூன்று மூன்றாகவே இருக்கும். அப்போதுதான் மொத்தம் கூடக் கூடக் களைப்பு கூடுகிறது என்று பொருள். இதற்கு ரிவர்ஸ் ஸ்கோரிங் என்று பெயர். பரீட்சையில் தவறாமல் வரும் இரண்டு மார்க் கேள்வி.

சுகன்யா ஃபார்ம்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஷீட்டை எனக்கு அனுப்பினாள். அது ரிப்போர்ட் கெடு நெருங்கிய வாரம். என் கையில் அப்போது ஒன்பது புராஜெக்டுகள். ஒரு நாள் சாயங்காலம் உழவர்கரையில் வீட்டுக்கு வந்து, சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து, வழக்கம்போலப் பத்து கேள்விகளைத் திருப்பும் கட்டளையைக் கொடுத்து, மொத்தம் போட்டேன்.

ஏறக்குறைய எல்லாருக்கும் அறுபதை ஒட்டியே வந்தது. ஸ்டூல் மேசைக்கும் அறுபது, நின்ற மேசைக்கும் அறுபது. கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஆல்ஃபா என்போம். அதுவும் படுமோசமாக வந்தது.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நாற்பது மனுஷிகளுக்கும் ஒரே அளவு களைப்பு என்று எந்த ஊரிலும் இருக்காது. வகுப்பில் ஒரு பிள்ளை இந்த அட்டவணையைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் தூக்கி மேசைமேல் போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு என் மனதில் தோன்றியது வேறு. பாவம், அலுப்பில் எல்லாவற்றுக்கும் நடுவில் டிக் அடித்திருக்கிறார்கள், கேள்வி புரிந்திருக்காது என்று நினைத்தேன். அடுத்த புராஜெக்டின் ஷீட்டைத் திறந்தேன்.

4. கடைசிப் பத்தி

ஆய்வு ரிப்போர்ட்டின் முடிவில் 'லிமிடேஷன்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. ஆய்வில் என்னென்ன குறை என்று ஆய்வாளரே ஒப்புக்கொள்ள வேண்டிய இடம். எங்கள் துறையில் அதற்கென ஒரு பத்தி இருந்தது. யார் முதலில் எழுதியதோ தெரியாது. வருஷா வருஷம் ஒரு ரிப்போர்ட்டிலிருந்து அடுத்த ரிப்போர்ட்டுக்கு அப்படியே போகும். 'மாதிரி அளவு சிறியது. கால அவகாசம் போதவில்லை. பதிலளித்தவர்களில் சிலர் குறைந்த படிப்பறிவு காரணமாகக் கேள்விகளைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பதிலளித்திருக்கலாம்.'

பள்ளி ஆசிரியர்களிடம் ஆய்வு செய்த ரிப்போர்ட்டில்கூட அந்தக் கடைசி வரியை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

சுகன்யாவும் அந்தப் பத்தியைப் போட்டிருந்தாள். நான் படித்துப் பார்த்தேன். மகேஸ்வரி கண்ணை மூடி யோசித்தது எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் அந்தக் கடைசி வரியை அடித்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆல்ஃபா மோசமாக வந்ததற்கு அந்த வரி வசதியாக இருந்தது. 'வித்தியாசம் இல்லை' என்ற முடிவோடு ரிப்போர்ட் போனது. கம்பெனிக்கு ஒரு பிரதி கொடுத்தோம். சுகன்யா பாஸ் செய்து சென்னைக்கு வேலைக்குப் போனாள். ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. ஆனால் முடிவு முடிவுதானே என்று இருந்துவிட்டேன்.

5. லேப் பூட்டிக் கிடந்த வாரம்

நான்கு மாதம் கழித்துக் கம்ப்யூட்டர் லேபில் ஏதோ ஒயரிங் கோளாறு. ஒரு வாரம் பூட்டிவிட்டார்கள். முதலாண்டு பிராக்டிகலுக்கு என்ன செய்வது? பீரோவில் சுகன்யாவின் பழைய ஃபார்ம் கட்டு இருந்தது. பெயர் எழுதாத ஃபார்ம்கள்தான், நம்பர் மட்டும் இருக்கும். ஆளுக்கு ஒன்று கொடுத்து, தெம்பு வாக்கியங்களைத் திருப்பிப் போட்டுக் கையால் கூட்டச் சொன்னேன். சரிபார்க்க என் கையில் பழைய ஷீட்டின் பிரிண்ட் இருந்தது.

முதல் பிள்ளை நாற்பத்திரண்டு என்றது. என் ஷீட்டில் ஐம்பத்தெட்டு. "தப்பு, மறுபடி கூட்டு" என்றேன். அடுத்தது எழுபத்தெட்டு. என்னிடம் அறுபத்திரண்டு. "நீயும் கூட்டு." மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூறு மார்க் வாங்கி வருகிறீர்கள், இருபது நம்பரைக் கூட்டத் தெரியவில்லையா என்று கத்தினேன்.

கடைசி பெஞ்சில் வினோதினி என்று ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள். கையைத் தூக்கினாள்.

"மேடம், ஒருத்தர் ரெண்டு பேரு தப்பு பண்ணலாம். எல்லாரும் எப்படி மேடம் தப்பு பண்ணுவோம்? போன வாரம் நீங்கதான சொன்னீங்க, எல்லார்கிட்டயும் தப்பு வந்தா அளக்குற கோலைத்தான் மொதல்ல பாக்கணும்னு?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளுடைய ஃபார்மை வாங்கி என் கையாலேயே கூட்டினேன். அவள் சொன்ன கணக்குதான் சரியாக இருந்தது.

வகுப்பை விட்டுவிட்டுப் போய்ச் சுகன்யாவின் புராஜெக்ட் நோட்டைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'பத்து தெம்பு வாக்கியங்களும் ஏற்றும்போதே திருப்பிப் போடப்பட்டன.' சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்திருக்கிறாள். நான் அந்த நோட்டைத் திறக்காமல், என் வழக்கப்படி கம்ப்யூட்டரில் இன்னொரு முறை திருப்பியிருக்கிறேன். இரண்டு முறை திருப்பினால் பழையபடி ஆகிவிடும். களைத்தவளுக்குக் களைப்பு வாக்கியத்தில் கூடுவது தெம்பு வாக்கியத்தில் குறையும். தெம்பானவளுக்கு நேர்மாறு. இருவருக்கும் மொத்தம் அறுபதைச் சுற்றியே நிற்கும்.

மறுபடி சரியாகக் கூட்டினேன். ஸ்டூல் மேசையில் களைப்பு குறைந்திருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் குறைந்திருந்தது. ஆல்ஃபாவும் நன்றாக வந்தது. அந்தப் பெண்கள் நாற்பது பேரும் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

சுகன்யாவுக்கு போன் செய்து சொன்னேன். "நான் நோட்டுல எழுதியிருந்தேனே மேடம்" என்றாள். "எழுதியிருந்தம்மா. தப்பு உன்னுது இல்ல" என்றேன்.

இதை மூடி வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு நாள் அப்படித்தான் தோன்றியது. ரிப்போர்ட் பீரோவில் தூங்குகிறது, யாரும் தொடப்போவதில்லை. துறைத்தலைவரிடம் சொன்னபோது அவரும் பெருமூச்சு விட்டார். "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல இதெல்லாம் எதுக்கு மேடம்?" என்றார். அவர் கேட்டது என் மேல் இருந்த அக்கறையில்தான். மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தட்டாஞ்சாவடிக்கு பஸ் ஏறினேன்.

6. கொட்ட வேண்டிய பேட்ச்

தியாகராஜன் எனக்கு டீ வரவழைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"மேடம், போன தடவ வித்தியாசம் இல்லன்னு நீங்கதான் கையெழுத்து போட்டுக் குடுத்தீங்க. இப்ப இருக்குதுன்றீங்க. அடுத்த மாசம் வந்து இன்னா சொல்வீங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"உப்பு கொஞ்சம் முன்ன பின்ன போச்சுன்னா நான் பேட்ச் மொத்தத்தையும் கொட்டணும். உங்க பேப்பருக்கு அதெல்லாம் கெடையாதா?"

"கொட்டத்தான் சார் வந்திருக்கேன். அந்த ரிப்போர்ட்டக் குடுங்க, தப்புன்னு எழுதிக் கையெழுத்து போட்டுத் தரேன். ஃபார்ம் கட்டையும் கொண்டாந்திருக்கேன். நீங்களே பத்து ஃபார்மக் கூட்டிப் பாருங்க."

அவர் நிஜமாகவே கால்குலேட்டரை எடுத்துக் கூட்டினார். பத்து இல்லை, பன்னிரண்டு ஃபார்ம். மெதுவாகத் தலையாட்டினார். "பாக்கலாம் மேடம். மொதலாளிகிட்ட பேசணும்." பிறகு ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, பெரிய விஷயமில்லாத மாதிரி ஒன்று சொன்னார்.

"அப்ப அந்த மகேஸ்வரி பாவம். அதுமேல தப்பு இல்ல போலிருக்குது."

"அவங்க மேல என்ன தப்பு?"

"ஸ்டூல எடுக்கச் சொல்லோ பொம்பளைங்கள்லாம் சண்டைக்கு வந்துட்டாங்க. 'எங்களுக்கு வலி கொறஞ்சுது, பேப்பர்ல எப்பிடி கொறையல'ன்னு. நான் இன்னா பண்றது? உங்க ரிப்போர்ட்டத்தான் படிச்சுக் காட்டனேன். இந்தக் கடைசில போட்டிருக்கீங்களே, படிப்பறிவு கம்மியா இருக்கறவங்க புரியாம போட்டிருக்கலாம்னு. படிச்சதும் எல்லாம் அதத்தான் திரும்பிப் பாத்துதுங்க. படிக்கத் தெரியாம உங்ககிட்ட குடுத்து எழுதனது அது ஒண்ணுதான? இவளாலதான் போச்சுன்னு பேச்சு. ரெண்டு வாரம் பாத்துது. அப்பறம் அதுவே வந்து கேட்டு, பாட்டில் கழுவுற பக்கம் போயிடுச்சு."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வரியைச் சுகன்யா எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யாரோ எழுதியது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் கீழே இருப்பது என் கையெழுத்து. வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்த மாதிரி வெட்கப்பட்டதில்லை.

7. சாப்பாட்டு நேரம்

கழுவும் பகுதி ஹாலுக்குப் பின்னால் இருந்தது. தரையெல்லாம் தண்ணீர். மகேஸ்வரி ரப்பர் செருப்போடு நின்று பாட்டில்களைச் சுழலும் பிரஷ்ஷில் மாட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. மறுபடி ஃபார்ம் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இன்னொரு தபா எழுத மாட்டேம்மா. எனக்கு வேணாம்."

"எழுத வேணாம். ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். நீங்க சொன்னதுல எந்தத் தப்பும் இல்ல. கணக்குப் போட்டதுல நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

பிரஷ்ஷை நிறுத்தவில்லை. அடுத்த பாட்டிலை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டுக்கும் நடுவுல போடச் சொன்னேனே, அது?"

"அதுவும் சரி."

"எல்லாமே சரியா?"

"எல்லாமே சரி."

கையிலிருந்த பாட்டிலை அலசி, கவிழ்த்து வைத்தார். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவங்ககிட்ட சொல்லு."

சாப்பாட்டு மணி அடித்ததும் பேக்கிங் ஹாலுக்குப் போனேன். பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். மகேஸ்வரி உள்ளே வரவில்லை, கதவோரமாகவே நின்றார். எத்தனையோ கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பேச்சு எதுவும் உதவவில்லை. இரண்டு முறை திருப்பியதை எப்படிச் சொல்வது? கடைசியில் சட்டையை வைத்துச் சொன்னேன். உள்பக்கம் வெளியே இருந்த சட்டையை அந்தப் பொண்ணு ஒழுங்காத் திருப்பி மடிச்சு வச்சா. நான் பாக்காம இன்னொரு தடவ திருப்பிட்டேன். அதனாலதான் தப்பா தெரிஞ்சுது. ஸ்டூல்ல உக்காந்தவங்களுக்கு வலி கொறஞ்சது நெஜம். ஃபார்ம்ல அப்பவே சரியாத்தான் இருந்துது.

குலுக்கலில் ஸ்டூல் கிடைக்காத அஞ்சலைதான் முதலில் பேசினார்.

"அப்ப யாருமே தப்பா போடலியா?"

"யாரும் போடல."

"மகேசுவும்?"

"அவங்கதான் எல்லாரையும்விட யோசிச்சுச் சொன்னவங்க. நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன்."

யாரும் சாப்பிடவில்லை, யாரும் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அஞ்சலை தன் தூக்கை மூடி வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்து, "மகேசு, வந்து குந்து" என்றார். மகேஸ்வரி தலையை அசைத்தார். "நான் சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கழுவும் பகுதிக்குப் போய்விட்டார். அவர் சாப்பிடவில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து தியாகராஜன் போன் செய்தார். முதலாளி பத்து ஸ்டூல் வாங்க ஒத்துக்கொண்டாராம், மேசைக்கு ஐந்து, முறை வைத்து உட்கார வேண்டும். நான் சொன்ன 'எல்லாருக்கும் வரும்' என்பதில் கால்வாசி. மகேஸ்வரியைப் பேக்கிங்குக்குத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், வரவில்லை. ஒரு நாள் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் அவரைப் பார்த்தபோது நானே கேட்டேன்.

"ஒக்கார எடம் இருக்குதும்மா, இல்லன்னு சொல்லல" என்றார். "நாலு மாசம் ஒரு வார்த்த பேசாத மூஞ்சிங்களப் பாத்துகினு ஒக்கார முடியல. கால் வலிச்சா வலிச்சுட்டுப் போவுது." கீரைக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ வந்து சொன்னியே, அது போதும்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

அடுத்து வருகிறவருக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கணக்கு சரியாக வராதபோது பதில் சொன்னவர்களைச் சந்தேகப்படுவது நமக்கு மிகவும் சுலபம், ஏனென்றால் அவர்கள் நம் ரிப்போர்ட்டைப் படிக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். யாரோ ஒருவர் அவர்களுக்குப் படித்துக் காட்டிவிடுவார். அதனால் ஷீட் வந்ததும் ஐந்து ஃபார்மையாவது எடுத்துக் கையால் கூட்டிச் சரிபாருங்கள். ஏற்றிய பிள்ளையின் நோட்டைத் திறந்து படியுங்கள். அதற்கு முன்னால் யாருடைய படிப்பறிவைப் பற்றியும் ஒரு வரிகூட எழுத விடாதீர்கள்.

இதை வகுப்பில் சொல்ல ஆரம்பித்த பிறகு பிள்ளைகள் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 'ஆய்வாளர் தவறு செய்திருக்கலாம்' என்று எழுதுகிறார்கள். இந்த வருஷம் வந்த எல்லா ரிப்போர்ட்டிலும் அது இருக்கிறது, ஓர் எழுத்துகூட மாறாமல். எத்தனை பேர் ஃபார்மை எடுத்துக் கூட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன. அதையாவது குறித்துக்கொண்டேன்.

என் கணக்கைத் திருத்த எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. மகேஸ்வரி இன்னும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறார்.